கோடு தெரியாத கிளாஸ்: ஒளிபுகும் பிளாஸ்டிக் குவளையை வரைவதும் வார்ப்பதும்

மலேசியாவின் சுங்கைப்பட்டாணியில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் தே ஓ ஐஸ் (பால் சேர்க்காத ஐஸ் தேநீர்) பிளாஸ்டிக் கிளாஸில்தான் வரும். குடித்து முடித்ததும் அந்தக் கிளாஸை டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். சில கிளாஸ்களில் மேலிருந்து கீழ்வரை மயிரிழை போல ஒரு கோடு ஓடும், நேர் எதிர்ப்பக்கம் இன்னொன்று இருக்கும். இரண்டு பாதியாகப் பிளக்கும் மோல்டில் வந்த சரக்கு அது. பக்கத்து மேசைக் கிளாஸில் அப்படி ஒன்றும் தெரியாது. பிளாஸ்டிக் ஒன்றாகவே இருக்கலாம். வித்தியாசம் மோல்டை வரைந்தவர் கையில்.

கோடே இல்லாத மோல்டு கிடையாது. இரும்பும் இரும்பும் சேரும் இடம் எங்காவது இருந்துதான் ஆகவேண்டும். அதைக் கண்ணுக்குப் படாத இடத்துக்கு ஓட்டிவிடுவதற்குத்தான் இவ்வளவு பாடும். கிளாஸில் வரக்கூடிய கோடுகள் மூன்று. மோல்டு பிரியும் இடத்தில் விழும் பார்ட்டிங் லைன் ஒன்று. உருகிய பிளாஸ்டிக் இரண்டு வழியாக ஓடிவந்து மோதும் இடத்தில் விழும் வெல்டு லைன் இரண்டாவது. தனித்தனியாகச் செய்த துண்டுகளை ஒட்டினால் விழும் மூட்டு மூன்றாவது. காம்பு வைத்த கிளாஸிலும் இரட்டைச் சுவர்க் கிளாஸிலும் மூன்றாவதைத் தவிர்ப்பது கடினம். வயிறு பெருத்து வாய் குறுகிய வடிவத்துக்கு ஊதி வார்க்க வேண்டும். அதற்குப் பிளக்கும் மோல்டு தேவைப்படுவதால் முதல் கோடு திரும்ப வந்துவிடும். எனவே இங்கே சொல்வது வாய் அகன்று அடி குறுகிய சாதாரண கிளாஸை, உருகிய பிளாஸ்டிக்கை மோல்டுக்குள் அழுத்தி நிரப்பி வார்ப்பதற்கு மட்டும்.

வடிவம்

பால் மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், பால் வடியக் கட்டும் மங்குகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடி குறுகி வாய் விரிந்திருப்பதால்தான் உறைந்த கட்டிப்பால் ஒரு திருகு திருகினால் முழுசாகக் கழன்று வருகிறது. மங்கு நேர்குத்தாக இருந்திருந்தால் கத்தி வைத்து நெம்ப வேண்டியிருக்கும். கிளாஸ் மோல்டிலும் அதே கணக்குத்தான். ஒரே துண்டு இரும்பில் குடைந்த குழிக்குள்ளிருந்து கிளாஸ் நேராக வெளியே வரவேண்டும் என்றால் சுவரில் சரிவு இருக்கவேண்டும். பக்கத்துக்கு 1 டிகிரி என்பது கடைசி எல்லை. 2 முதல் 3 டிகிரி இருந்தால் நிம்மதி.

வேலை செய்யக்கூடிய ஓர் அளவு: உள்வாய் 74 மி.மீ., உள்ளடி 64 மி.மீ., உள் ஆழம் 94 மி.மீ. சரிவு பக்கத்துக்கு 3 டிகிரி வரும். விளிம்புவரை ஊற்றினால் 352 மில்லி கொள்ளும். 300 மில்லி ஊற்றினால் தண்ணீர் விளிம்புக்கு 12 மி.மீ. கீழே நிற்கும், தட்டில் வைத்துத் தூக்கிப்போனாலும் சிந்தாது. சுவர் கனம் 2.2 மி.மீ. அடியில் சுற்றுப்பாதம் 3 மி.மீ., நடுவில் 0.8 மி.மீ. ஆழத்துக்கு ஒரு குழிவு. பிளாஸ்டிக் உள்ளே நுழையும் கேட் அந்தக் குழிவில்தான் வரும். அதன் தழும்பு சற்றுத் துருத்தினாலும் கிளாஸ் மேசையில் ஆடாது. மறுசுழற்சி எண்ணும் அளவும் பொறிப்பதானால் அவற்றுக்கும் அந்தக் குழிவே இடம்.

உள்மூலைக்கு 3 மி.மீ. வளைவு கொடுங்கள், வெளிமூலைக்கு 5.2. இரண்டுக்கும் ஒரே வளைவு கொடுத்தால் மூலையில் கனம் கூடிவிடும். கூர்மையான மூலை வைத்தால் கிளாஸ் கீழே விழும்போது முதல் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஸ்பாஞ்சும் அந்த இடத்துக்கு எட்டாது.

"அடி நல்லா கனமா, கண்ணாடி மாதிரி இருக்கணும்" என்று வாடிக்கையாளர் கேட்பார். ஆறும் நேரம் கனத்தின் வர்க்கத்தில் ஏறும் என்பதை அவருக்குக் காட்டுங்கள். 2.2 மி.மீ. சுவர் ஏறக்குறைய 10 விநாடியில் ஆறினால் 3 மி.மீ.க்கு 18 விநாடியும், 6 மி.மீ. அடிக்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு காத்திருந்தாலும் வெளித்தோல் முதலில் இறுகி உள்ளே இருப்பது பிறகு சுருங்குவதால் நடுவில் வெற்றிடக் குமிழ் விழும். பார்க்கிறவர்கள் காற்றுக்குமிழ் என்பார்கள். அதற்குள் காற்றுகூட இருக்காது.

ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. 3 டிகிரிச் சரிவில், 2.2 மி.மீ. சுவரில், மேல் கிளாஸ் 42 மி.மீ. துருத்திக்கொண்டு ஆப்பு மாதிரி இறுகும். சூடு ஆறாமல் அடுக்கினால் பிரிக்கவே முடியாது. அடுக்கியே தீரவேண்டும் என்றால் சரிவைக் கூட்டி, வெளிப்பக்கம் ஒரு தோள் வைத்து, இரண்டு கிளாஸை ஒன்றுக்குள் ஒன்றாக வரைந்து பார்த்த பிறகே இரும்பை வெட்டச் சொல்லுங்கள்.

எந்தக் குருணை

உருக்குவதற்கான பிளாஸ்டிக் சிறு மணிகளாக வரும், அதுதான் குருணை. பாலிஸ்டைரீன் மலிவு, பளிச்சென்று இருக்கும், ஓட்டுவதும் சுலபம். ஆனால் சிமெண்டுத் தரையில் விழுந்தால் நொறுங்கும், கொதிக்கும் தே தாரிக் ஊற்றினால் கோணும். நம் ஊருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. லீமாவ் கஸ்தூரி என்ற சின்ன எலுமிச்சை வகையின் தோலில் இருக்கும் எண்ணெய் பாலிஸ்டைரீனைக் கரைக்கும். பழத்தைப் பிழிந்து தோலையும் கிளாஸுக்குள்ளேயே போடுவது நம் பழக்கம்; தோல் ஒட்டியிருந்த இடத்தில் பூ விழுந்து பிறகு விரிசல் விடும். ஒருநாள் விருந்துக்கு மட்டும் இது போதும்.

சான் என்கிற ஸ்டைரீன் அக்ரிலோநைட்ரைல் அதைவிட ஒரு படி மேல். எண்ணெயையும் சூட்டையும் கொஞ்சம் தாங்கும், கீறல் குறைவாக விழும், ஆனாலும் உடையும். அக்ரிலிக் பார்க்க மிக அழகு. கேட் பக்கம் இறுக்கம் (ஆறும்போது உள்ளே மாட்டிக்கொண்ட இழுவிசை) தங்கிய அக்ரிலிக் கிளாஸில் கடுமையான சாராயத்தை ஊற்றினால் சிலந்தி வலை போல நுண்வெடிப்பு ஓடும். பாலிகார்பனேட்டைச் சுத்தியலால் அடித்தாலும் உடையாது, சூடும் தாங்கும். ஆனால் அது பிபிஏ (பிஸ்பீனால்-ஏ) என்ற வேதிப்பொருளிலிருந்து செய்வது. பிபிஏ உள்ள குழந்தைப் பால் புட்டிகளை மலேசியா 2012 மார்ச்சில் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் உணவு படும் பொருள்களில் பிபிஏவைத் தடுக்கும் விதியை 2025 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. புதிதாக மோல்டு வெட்டுகிறவர் பாலிகார்பனேட்டை நம்பி வெட்டுவது புத்திசாலித்தனம் இல்லை.

மிச்சம் இருப்பது கோபாலியெஸ்டர். ஈஸ்ட்மேன் நிறுவனம் 2007இல் டிரைட்டான் என்ற பெயரில் கொண்டுவந்த வகைதான் குவளைகளில் அதிகம் புழங்குகிறது. பிபிஏ இல்லை, விழுந்தால் உடைவது அரிது, பாத்திரம் கழுவும் மெஷினையும் தாங்கும். கீறல் மட்டும் சுலபமாக விழும். பச்சை நார் போட்டுத் தேய்க்கிற கடைக்கு விற்கும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விலையும் அதிகம். கீழே சொல்லும் அளவுகள் இதற்குத்தான். மேலே சொன்ன வடிவத்தில் ஒரு கிளாஸ் 66 கிராம் வரும், சான் என்றால் 60 கிராம்.

குருணை வாங்கும்போது உணவு படும் பொருளுக்கு ஏற்றது என்ற சான்றைக் கேளுங்கள். 1983 உணவுச் சட்டமும் அதன் கீழ் வந்த 1985 உணவு விதிமுறைகளும் உணவு படும் பாத்திரத்துக்கும் பொருந்தும். கூடவே ஸ்டியரேட் எதிலிருந்து எடுத்தது என்றும் கேளுங்கள். குருணை வழுக்கிப்போகச் சேர்க்கும் இந்தப் பொருள் விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரும், செம்பனையிலிருந்தும் வரும். ஹலால் பார்க்கிற கடைக்கும் தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலுக்கும் ஒரே கிளாஸை விற்கப்போகிறீர்கள். செம்பனை என்று எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் கேள்வி வராது.

மோல்டு

பணமும் கவனமும் போகவேண்டிய இடம் இது. பினாங்கு மாநிலத்தின் பிறையிலும் புக்கிட் மின்யாக்கிலும் மோல்டு செய்கிறவர்கள் உண்டு. யாரிடம் போனாலும் கீழே உள்ளதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கேவிட்டி, அதாவது வெளிவடிவத்தைத் தரும் குழி, பிளவு இல்லாத ஒரே துண்டாக இருக்கவேண்டும். உள்வடிவத்தைத் தருவது கோர். கிளாஸைக் கோரிலிருந்து தள்ள ஊசிகள் வேண்டாம். ஊசி தொட்ட இடமெல்லாம் வட்டத் தழும்பு விழும். கோரைச் சுற்றி ஒரு ஸ்ட்ரிப்பர் ரிங் வைத்து, விளிம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் தள்ளவேண்டும். அப்போது பார்ட்டிங் லைன் கேவிட்டியும் ஸ்ட்ரிப்பர் ரிங்கும் சேரும் இடத்தில், விளிம்பின் வெளி ஓரத்தில் வட்டமாகப் போய் உட்காரும். விளிம்பை 1.1 மி.மீ. முழு வளைவாகச் செய்து அந்த வளைவை ஸ்ட்ரிப்பர் ரிங்கிலேயே குடையச் சொன்னால், வளைவு முடிந்து நேர்ச்சுவர் தொடங்கும் புள்ளியில் கோடு மறைந்துவிடும். வளைவின் உச்சியில் கோட்டை வைக்கும் தவறு அடிக்கடி நடக்கிறது. மோல்டு தேயத் தொடங்கியதும் அங்கே பிசிறு வந்து உதட்டைக் கீறும்.

இரும்பு ஸ்டாவாக்ஸ் வகைத் துருப்பிடிக்காத மோல்டு எஃகாக, ராக்வெல் சி அளவில் 50 முதல் 52 வரை கடினமாக்கியதாக இருக்கட்டும். நம் ஈரக்காற்றில் சாதாரண எஃகின் கண்ணாடி மெருகு ஒரு நீண்ட விடுமுறைக்குள் புள்ளி விட்டுவிடும். மெருகு எஸ்பிஐ ஏ-1 தரம் என்று கேளுங்கள், அதாவது நுண்ணிய வைரப்பசையில் தேய்த்து முடித்தது. கடைசித் தேய்ப்பு கிளாஸ் கழலும் திசையில், மேலும் கீழுமாக இருக்கவேண்டும். சுற்றிச் சுற்றித் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத வளையங்கள் கிளாஸைப் பிடித்துக்கொள்ளும். உள்ளே ஊற்றிய தண்ணீர் கோரின் மெருகுக் குறையை மறைக்கும் என்று சிலர் கோரை ஏ-2வில் விடுவார்கள். கிளாஸ் அலமாரியில் காலியாக நிற்கும்போதுதான் விலைபோகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வெற்றிடம் அடுத்த எதிரி. கண்ணாடி போன்ற இரும்பில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஒட்டினால் நடுவில் காற்றுப் புகாது. கோரின் தலையில் ஒரு காற்று வால்வு வைத்து, ஸ்ட்ரிப்பர் ரிங் நகரத் தொடங்கும்போதே 5 பார் அழுத்தத்தில் காற்று விடவேண்டும். இல்லையென்றால் அடி உள்வாங்கும் அல்லது விளிம்பு கிழியும். மோல்டு ஒட்டுகிறது என்று சிலிக்கோன் ஸ்ப்ரே அடிப்பதை அனுமதிக்காதீர்கள். ஒளிபுகும் சாமானில் அது எண்ணெய்ப் படலமாகத் தெரியும், குடிக்கும் பாத்திரத்தில் அதற்கு வேலையும் இல்லை.

கேட் ஒன்றுதான், அடியின் நேர் நடுவில். அங்கிருந்து பிளாஸ்டிக் எல்லாப் பக்கமும் சமமாக ஏறி விளிம்பை ஒரே நேரத்தில் தொட்டால் வெல்டு லைன் விழ வழியே இல்லை. பக்கவாட்டில் கேட் வைத்தால் பிளாஸ்டிக் கோரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து மறுபக்கம் மோதும், கோடு நிச்சயம். வால்வு வைத்த ஹாட் ரன்னர் (பிளாஸ்டிக் உறையாமல் சூடாகவே கேட்வரை வரும் வழி) இருந்தால் கேட் தழும்பு ஒரு வட்டமாக மட்டும் நிற்கும்; கழித்துப் போடும் தண்டும் மிஞ்சாது.

நடுவில் கேட் வைத்தும் வெல்டு லைன் வந்தால் கோர் நகர்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பிளாஸ்டிக் அளவைக் குறைத்து 95 விழுக்காடு மட்டும் நிரப்பி ஒரு கிளாஸை எடுத்து மேசையில் நிறுத்துவது. முடியாத அந்த விளிம்பு தண்ணீர் மட்டம் போல நேராக இருந்தால் சரி. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கியிருந்தால், ஏறிய பக்கத்தில் சுவர் கனம் அதிகம், அங்கே பிளாஸ்டிக் முந்தி ஓடி விளிம்பைச் சுற்றி வந்து மறுபக்கத்தில் மோதுகிறது. சுவர் கனத்தை நான்கு இடத்தில் அளந்து பாருங்கள், 0.05 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் மோல்டைத் திருப்பி அனுப்புங்கள். கோரையும் கேவிட்டியையும் ஒன்றோடொன்று பூட்டும் சரிவுப் பூட்டு இருக்கிறதா என்று படத்திலேயே பார்த்திருக்க வேண்டிய விஷயம் இது.

காற்று வெளியேற விளிம்பைச் சுற்றி 0.015 மி.மீ. ஆழத்தில் வழி விடவேண்டும். அதைவிட ஆழமானால் பிசிறு, குறைந்தால் அடைபட்ட காற்று எரிந்து பழுப்புப் புள்ளி. கோருக்குள் தண்ணீர்க்குழாய் கோரின் தலைக்கு 10, 12 மி.மீ. அருகே வரை போகவேண்டும். சூடு அதிகம் தங்கும் இடம் அதுதான், கிளாஸ் கோரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சுருங்குவதால்.

சுருக்கத்தை 0.6 விழுக்காடாகக் கணக்கிட்டால், 78.4 மி.மீ. வெளிவாய் வேண்டும் என்றால் இரும்பில் 78.87 வெட்டவேண்டும். பிறகு மலிவுக்காக அதே மோல்டில் பாலிப்ரோப்பிலீன் ஓட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். அது ஒன்றரை விழுக்காட்டுக்கு மேல் சுருங்கும்; கிளாஸ் சிறுத்துப்போகும், மூடி பொருந்தாது, கண்ணாடித் தெளிவும் வராது.

ஈரம்

வடகெடாவிலிருந்து ஜொகூர் வரை இந்தத் தொழிலில் நிறையச் சரக்கு ஈரத்தால் கெடுகிறது. வெளிநாட்டுக் கையேட்டை அப்படியே பின்பற்றுகிறவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். டிரைட்டான் குருணை காற்றிலிருந்து ஈரத்தைக் குடிக்கும். ஈரத்தோடு 270 டிகிரியில் உருகினால் அதன் மூலக்கூறுச் சங்கிலியே அறுந்துபோகும். கிளாஸில் வெள்ளிக் கீற்று தெரிந்தால் அதிர்ஷ்டம், உடனே நிறுத்திவிடுவீர்கள். கீற்று தெரியாமல் பலம் மட்டும் குறைந்த சரக்கு கடைக்குப் போய், விழுந்து உடைந்து திரும்பி வரும்.

88 டிகிரியில் 4 முதல் 6 மணி நேரம் உலர்த்தவேண்டும். வெறும் சூடான காற்றை ஊதும் டிரையர் போதாது. 30 டிகிரி வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நம் காற்றின் பனிப்புள்ளி, அதாவது அதிலுள்ள ஈரம் நீராகத் துளிக்கத் தொடங்கும் வெப்பநிலை, 26 டிகிரி. அதைச் சூடாக்கி ஊதினாலும் அதிலிருக்கும் தண்ணீர் அப்படியேதான் இருக்கும். ஈரத்தை உறிஞ்சும் டெசிகன்ட் டிரையர் வேண்டும், பனிப்புள்ளி மைனஸ் 30 அல்லது அதற்கும் கீழே காட்டவேண்டும்.

டிரையரின் கொள்ளளவைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். இரண்டு கிளாஸ் தரும் மோல்டு 30 விநாடிக்கு ஒருமுறை ஓடினால் மணிக்கு 240 கிளாஸ், 16 கிலோ குருணை. ஒவ்வொரு குருணையும் 5 மணி நேரம் உள்ளே இருக்கவேண்டும் என்றால் டிரையரில் எப்போதும் 80 கிலோ நிற்கவேண்டும். 25 கிலோ டிரையரை மாட்டிவிட்டு, "88 டிகிரிதான் வைத்திருக்கிறோம், ஏன் கீற்று வருகிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு. அந்த டிரையரில் குருணை ஒன்றரை மணி நேரம்தான் தங்கும்.

உலர்ந்ததா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். 270 டிகிரியில் ஒரு ஹாட் பிளேட், இரண்டு கண்ணாடிச் சில்லு போதும், பள்ளி ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கிக்கு வைப்பார்களே, அந்தச் சில்லு. இரண்டையும் பிளேட்டில் ஒன்றிரண்டு நிமிடம் சூடாக்குங்கள். டிரையரின் அடியிலிருந்து எடுத்த நான்கைந்து குருணையை ஒரு சில்லின் மேல் வரிசையாக வைத்து, மற்றதை மேலே வைத்துக் குச்சியால் அழுத்துங்கள். ஒவ்வொரு குருணையும் பத்து சென் காசைவிடச் சிறிய வட்டமாகப் பரவும். எடுத்து ஆறவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். வட்டம் தெளிவாக இருந்தால் காய்ந்தது. உள்ளே கூட்டம் கூட்டமாகக் குமிழ் இருந்தால் ஈரம். ஒன்றிரண்டு குமிழ் மட்டும் என்றால் அழுத்தும்போது மாட்டிய காற்றாக இருக்கலாம், இன்னொரு முறை செய்து பாருங்கள்.

உலர்ந்த குருணையைத் திறந்த ஹாப்பரில் (மெஷின் மேலுள்ள குருணைத் தொட்டியில்) போட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மூடி போட்ட சிறிய ஹாப்பர், அதுவும் கால் மணி நேரத்துக்குத் தேவையான அளவு மட்டும்.

ஈரம் இன்னொரு வழியிலும் வரும். வேகமாக ஆறட்டும் என்று சில்லர் தண்ணீரை 12 டிகிரியில் மோல்டுக்குள் விட்டால், பனிப்புள்ளிக்குக் கீழே போன மோல்டு ஐஸ் கிளாஸ் போல வியர்க்கும். அந்தத் துளிகள் கிளாஸின் மேல் கண்ணீர்க் கோடாகப் பதியும். மோல்டு 30 டிகிரிக்குக் கீழே போகவேண்டாம். டிரைட்டானுக்கு 45 முதல் 50 டிகிரி தெளிவையும் தரும், இறுக்கத்தையும் குறைக்கும்.

மெஷினில்

ஒரு கிளாஸின் வாய்ப்பரப்பு 48 சதுர செ.மீ. மோல்டை மூடிப் பிடிக்கச் சதுர செ.மீ.க்கு அரை முதல் முக்கால் டன் விசை வேண்டும் என்று கணக்கிட்டால் இரண்டு கிளாஸுக்கு 50 முதல் 75 டன். 100 அல்லது 120 டன் மெஷின் போதும். பிளாஸ்டிக்கை உருக்கும் பீப்பாயின் ஷாட் அளவு, அதாவது ஒரு தடவை தள்ளக்கூடிய அளவு, 200 முதல் 300 கிராமுக்குள் இருக்கட்டும். சும்மா கிடக்கிறது என்று 800 கிராம் பீப்பாயில் 132 கிராம் வேலையைச் செய்தால் பிளாஸ்டிக் உள்ளே வெந்து மஞ்சளாகிவிடும்.

தொடங்கும் முறை:

1. முந்தைய வேலையின் பிளாஸ்டிக்கைப் பர்ஜ் (பீப்பாயைச் சுத்தம் செய்யும் பிளாஸ்டிக்) போட்டுத் தள்ளுங்கள். கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக் ஓடிய பீப்பாய் என்றால் அதற்குள் சுழலும் ஸ்குரூவைக் கழற்றித் துடைப்பதுதான் சீக்கிரமான வழி. ஒளிபுகும் சரக்குக்கு ஒரு மெஷினை ஒதுக்கிவிடுவது அதைவிட நல்லது.
2. பீப்பாயை 260இல் தொடங்கி, தேவைப்பட்டால் 280 டிகிரி வரை மட்டும் ஏற்றுங்கள். மோல்டு தண்ணீர் 45 டிகிரி.
3. காற்றில் ஒரு ஷாட் தள்ளிப் பாருங்கள். கயிறு போலத் தெளிவாக இறங்கவேண்டும். சீறினாலோ நுரைத்தாலோ டிரையருக்குத் திரும்புங்கள்.
4. முதல் நொடியில் மெதுவாக, கேட்டைத் தாண்டியதும் வேகமாக நிரப்புங்கள். நிரப்ப சுமார் 2 விநாடி, அழுத்திப் பிடிக்க 5, ஆற 17, திறந்து மூட 6.
5. எடையை 66 கிராமில் நிறுத்துங்கள். எடை மேலும் கீழும் ஆடினால் மற்ற எதையும் தொடாதீர்கள், முதலில் ஸ்குரூவின் செக் ரிங்கை, அதாவது பிளாஸ்டிக் பின்னால் ஓடாமல் தடுக்கும் வளையத்தைப் பாருங்கள்.

கழித்த கிளாஸை அரைத்துத் திரும்பப் போடலாம், புதுக் குருணையில் 10 முதல் 15 விழுக்காடு வரை, மறுபடியும் முழு நேரம் உலர்த்தி. அரைவை மெஷினில் வேறு பிளாஸ்டிக் ஒட்டியிருக்கக் கூடாது. பாலிஸ்டைரீனும் சானும் பெயரில் உறவு, ஒன்றோடொன்று கலக்காது. ஒரு கைப்பிடி கலந்தாலும் கிளாஸ் சிராப் பண்டோங் (ரோஜாப் பால் பானம்) ஊற்றிக் கழுவாமல் விட்டது மாதிரி மங்கும்.

கெட்டால் எங்கே பார்ப்பது

கேட்டைச் சுற்றி மங்கலான பூ விழுந்தால் தொடக்க வேகம் அதிகம், அல்லது கேட் நுனி குளிர்ந்திருக்கிறது. கேட்டிலிருந்து விசிறி போல வெள்ளிக் கீற்று பரவினால் ஈரம். கீற்று ஒரே இடத்தில் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஈரத்தைச் சந்தேகிக்காதீர்கள், அங்கே மோல்டில் தண்ணீர் கசிகிறது. மஞ்சள் என்றால் சூடு அல்லது பீப்பாயில் தங்கும் நேரம். மதிய உணவுக்கு நிறுத்திவிட்டு வந்தபின் முதல் இருபது கிளாஸில் மட்டும் கறுப்புப் புள்ளி வந்தால், நிறுத்தும்போது பீப்பாய்ச் சூட்டைக் குறைக்காமல் போயிருக்கிறார்கள். விளிம்பில் பிசிறு என்றால் அழுத்தத்தைக் குறைக்கும் முன் ஸ்ட்ரிப்பர் ரிங்குக்கும் கேவிட்டிக்கும் நடுவில் தூசி இருக்கிறதா என்று துடைத்துப் பாருங்கள். பல நேரம் அதிலேயே தீரும்.

கண்ணுக்குத் தெரியாத கேடு, உள்ளே தங்கிய இறுக்கம். பழைய எல்சிடி திரையை வெறும் வெள்ளையாக எரியவிட்டு அதன் முன் கிளாஸைப் பிடியுங்கள். போலராய்டு கறுப்புக் கண்ணாடியை அணிந்து, திரை இருண்டு தெரியும்வரை தலையைச் சாய்த்துப் பாருங்கள். கிளாஸில் வானவில் பட்டைகள் தெரியும். அகலமாக, மெதுவாக நிறம் மாறினால் நல்லது. கேட்டைச் சுற்றியோ அடி மூலையிலோ பட்டைகள் நெருங்கி நெருக்கமாக நின்றால், அழுத்திப் பிடித்தது அதிகம் அல்லது மோல்டு குளிர்ந்தது. நல்ல கிளாஸ் ஒன்றைத் தேதி எழுதி வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக்குக்குப் பிளாஸ்டிக் பட்டை மாறும் என்பதால் வேறு வகைக் கிளாஸோடு ஒப்பிட்டுப் பயனில்லை.

பெட்டிக்குப் போகும் முன்

ஒவ்வொரு ஷிஃப்டிலும் சில கிளாஸைச் சோதனைக்கு எடுங்கள். காலிக் கிளாஸைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, விளிம்புவரை தண்ணீர் ஊற்றினால் 352 கிராமுக்குப் பக்கத்தில் காட்டவேண்டும். 90 டிகிரி வெந்நீர் ஊற்றி ஆறவிட்டு வாயின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் கோணல் தெரிந்துவிடும். தண்ணீரோடு 1 மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் போடுங்கள். டிரைட்டான் உடைந்தால் உலர்த்தலைத் தேடிப் போங்கள். லீமாவ் கஸ்தூரித் தோலைக் கேட் மேலும் அடி மூலையிலும் தேய்த்து ஒரு நாள் வைத்திருந்து பாருங்கள்.

கிளாஸைத் தொடுகிறவர் பஞ்சுக் கையுறை போடட்டும். ஒளிபுகும் பிளாஸ்டிக் நிலைமின்சாரத்தால் தூசியை இழுக்கும். எரிபுகை மூட்டம் வரும் மாதங்களில் அது இன்னும் மோசம். அயனியாக்கும் காற்றை ஊதி, ஆறிய பிறகே தனித்தனிப் பையில் போட்டு, வாய் கீழாக அட்டைத் தடுப்புகளுக்குள் இறக்குங்கள். அச்சிட்ட செய்தித்தாளைச் சுற்ற வேண்டாம், மை ஒட்டிக்கொள்ளும்.